அமெரிக்கக் கல்லூரியில் நட்பு வட்டம்: கிரேக்கச் சங்கங்களோடும் அவை இல்லாமலும்

அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவர், கிரேக்க எழுத்துகளில் பெயர் தாங்கிய ஃப்ரெட்டர்னிட்டி (ஆண்களுக்கானவை), சொராரிட்டி (பெண்களுக்கானவை) சங்கங்களில் சேர்ந்தால்தான் நண்பர்கள் கிடைப்பார்கள் என்று கலங்க வேண்டியதில்லை. சேர விரும்பினால், 'ரஷ்' எனப்படும் அறிமுக நாள்களில் பல சங்கங்களுக்குப் போய்ப் பேசிப் பாருங்கள். ஒரு சங்கம் தரும் அழைப்பை ஏற்கும் முன் சந்தா, தங்கும் செலவு, புதியவர்கள் செய்ய வேண்டிய வேலைகள் ஆகியவற்றைத் தெளிவாகக் கேட்டறியுங்கள். ராகிங்கை ஒத்த 'ஹேசிங்' கொடுமையில் அச்சங்கம் சிக்கியதுண்டா என்று கல்லூரியின் இணையதளத்தில் பார்ப்பது மிக முக்கியம். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், இத்தகைய விதிமீறல்களை வெளியிடும் கடமையைக் கல்லூரிகளுக்கு விதித்திருக்கிறது. விசாரிக்கத் தயங்காதீர்கள், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சேராதவர்களுக்கு வழிகள் ஏராளம். செமஸ்டர் தொடக்கத்தில் மாணவர் மன்றங்கள் மேசை போட்டு நடத்தும் கண்காட்சியில் கண்ட இடத்திலெல்லாம் பெயர் கொடுப்பதைவிட, வாரந்தோறும் கூடும் இரண்டு மன்றங்களைத் தேர்ந்து, முதல் கூட்டம் பிடிக்காவிட்டாலும் மூன்று நான்கு முறை போய்வருவதே பலன் தரும், ஏனெனில் அதே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் பழக்கம் ஏற்படுகிறது. பெரிய திறமை இல்லாதவரும் கல்லூரிக்குள்ளேயே நடக்கும் 'இன்ட்ராமியூரல்' விளையாட்டு அணிகளில் ஆடலாம். விடுதியில் முதல் சில வாரங்கள் அறைக்கதவைத் திறந்து வைத்திருங்கள். உணவுக்கூடத்துக்குக் கிளம்பும்போது பக்கத்து அறையில் இருப்பவரையும் சாப்பிடக் கூப்பிடுங்கள்.