செல்ஃப் சில நேரம் எடுக்குது, சில நேரம் எடுக்கலையா? இப்படிச் சோதியுங்கள்

செல்ஃப் என்பது கார் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார். காலையில் எடுக்கும். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து போய் பெட்ரோல் போட நிறுத்தினால் எடுக்காது. அரை மணி கழித்துச் சமர்த்தாக எடுக்கும். மெக்கானிக் முன்னால் இந்த வண்டி ஒருநாளும் மக்கர் செய்யாது. அதனால் மக்கர் செய்யும் அந்த நிமிடத்தில் நீங்கள் கவனிப்பதுதான் பாதி வேலை.

முதலில் காதைத் தீட்டுங்கள். சாவியைத் திருப்பியதும் ‘டிக்டிக்டிக்’ என்று அடுக்கடுக்காகக் கேட்டால் பேட்டரியில் தெம்பு இல்லை, இல்லாவிட்டால் டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டக்’ என்றால் செல்ஃப் மோட்டார், அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டு அல்லது தடித்த கேபிள். சத்தமே இல்லையா? ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிட்ச்), கிளட்ச் சுவிட்ச், சாவி சுவிட்ச் பக்கம் போங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை: பெட்ரோல் பம்ப், சூட்டில் மட்டும் மக்கர் செய்யும் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார்) என்று போகும். அதற்கு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

பேட்டரியை ராத்திரி முழுக்க சும்மா விட்டு, காலையில் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துப் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு, 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், செல்ஃப் தின்ற சார்ஜே முழுதாகத் திரும்ப ஏறாது.

இனி, எல்லோரும் கோட்டைவிடும் இடம். பேட்டரி புதுசு, டெர்மினல் பளபள, ஆனாலும் ‘டக்’. பேட்டரி மைனஸை பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கும் எர்த் ஒயரைப் பாருங்கள். வெளியே நன்றாக இருக்கும், ஒயர் நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக லக்குக்குள்ளே பச்சை பூத்திருக்கும். கண்ணால் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். இன்ஜின் பிடிக்காதபடி பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸ் ஈயக் கட்டையிலேயே இருக்கட்டும். கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் கோளாறு தப்பித்துவிடும். மறுமுனை, பெயின்ட் இல்லாத இன்ஜின் உலோகத்தில். இப்போது ஐந்து விநாடி செல்ஃப் அடித்தால் மீட்டர் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் பட்டையை மாற்றுங்கள், ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். பிளஸ் கட்டையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கு இதேபோல 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். வண்டி சூடாக இருக்கும்போதே செய்யுங்கள், கேபிளை ஆட்டிக்கொண்டே ஒருமுறை பாருங்கள். குளிர்ந்த வண்டி பொய் சொல்லும்.

கட்டையில் வெள்ளைப் பொடி இருந்தால் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தேய்த்துக் காயவிட்டு, மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள்.

மல்டிமீட்டருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள், எஸ்.பி. ரோட்டில் வாங்கும் சாதாரண மீட்டரே போதும். ஆனால் இரண்டு ஒயர் பற்றவைத்த 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று அவசியம். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும். பல்பு மங்கி உண்மையைச் சொல்லிவிடும். சோலினாய்டின் சின்ன ஒயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பை வைத்து சாவியைத் திருப்புங்கள். பிரகாசமாக எரிந்தால் சாவி பக்கம் பழுதில்லை, செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ், சோலினாய்டு பார்க்க வேண்டும். எரியவில்லை என்றால் ஸ்டார்ட்டர் ரிலேயை அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்களில் மட்டும் பல்பை வைக்கவே வைக்காதீர்கள்.

பின்னால் சேர்த்தது: பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பிரேக் சுவிட்ச்சே காரணமாக இருக்கலாம். சாவி தெரியவில்லை என்று டிஸ்ப்ளே சொன்னால் சாவியையே பட்டனில் ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகள் எடுத்துவிடும். அப்படி எடுத்தால் சாவிக்குள் இருக்கும் நாணய பேட்டரியை மாற்றினால் போதும்.