மிதவை விமானம் ஓட்டக் கற்பதற்கு முன் கரையில் முடிக்க வேண்டியவை

மிதவைகள் பொருத்தப்பட்டு, நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்குவது மிதவை விமானம். அதன் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் நிலத்திலிருந்து பறக்கும் விமானத்தை ஓட்டி உரிமம் பெற்றவர்கள். மேலே ஏறிய பின் அவர்களுக்குப் புதியதாக அதிகம் இல்லை. மிதவைகளின் எடையாலும் காற்றுத் தடையாலும் விமானம் சற்று மெதுவாக ஏறும், வேகமும் குறையும். புதியவை பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கின்றன. ஆகவே ஆயத்தத்தில் பாதி, ஒரு படகோட்டி கற்றுக்கொள்ளும் பாடமே.

முதற்பாடம் காற்று. மிதவை விமானத்துக்கு பிரேக் கிடையாது. என்ஜின் ஓடத் தொடங்கிய கணமே அது நகரும். வால் பரப்பைக் காற்று தள்ளுவதால், தானாக விட்டால் அதன் மூக்கு காற்று வரும் திசைக்கே திரும்பும். எனவே ஏதாவது ஒரு நீர்நிலையின் கரையில் அமர்ந்து காற்றைப் படிக்கப் பழகுங்கள். நங்கூரமிட்ட படகுகள் காற்றை நோக்கி நிற்கும் (நீரோட்டம் வலுவாக இருந்தால் ஏமாற்றிவிடும்). பறவைகள் காற்றை எதிர்த்தே இறங்கும். காற்று வரும் பக்கத்துக் கரையோரம், மறைவு இருப்பதால், நீர் வழவழப்பாகத் தெரியும்.

அலையற்ற நீர் எளிது என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு. உண்மையில், விமானிகள் மிகவும் அஞ்ச வேண்டியது கண்ணாடி போன்ற அந்த நீர்ப்பரப்பைத்தான். வானத்தையே அது திருப்பிக் காட்டுவதால் உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. இன்னும் தொலைவு இருக்கிறது என்று நினைத்தபடியே நீரில் மோதிவிடவும், மிக உயரத்திலேயே மூக்கைத் தூக்கி வேகத்தை இழக்கவும் கூடும். இதற்கான வழி, கரையை ஒட்டி அணுகி, நீரைத் தொடும்போது இருக்க வேண்டிய நிலையை முன்பே அமைத்துக்கொண்டு, சிறிது என்ஜின் விசையுடன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 அடி வீதம் இறங்கி, மிதவை தொடும்வரை எதையும் மாற்றாமல் காத்திருப்பது. இந்தப் பொறுமையை இப்போதே பழகலாம்: நீங்கள் ஓட்டும் விமானத்தில், பாதுகாப்பான உயரத்தில், பயிற்றுநர் உடனிருக்க, அதே இறக்க வீதத்தைச் சில நிமிடங்கள் பிசகாமல் பிடித்துப் பாருங்கள்.

கவிழ்ந்தால் வெளியேறுவது எப்படி என்பதை முதல் பயிற்சிப் பறப்புக்கு முன்பே கற்றுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீச்சல் குளத்தில் இருக்கையோடு தலைகீழாகக் கவிழ்த்துப் பழக்கும் பயிற்சி கிடைக்குமானால் அதைத் தவறவிடாதீர்கள். கிடைக்காவிட்டாலும், தரையில் நிற்கும் விமானத்தில் கண்களை மூடி அமர்ந்து, ஒரு கையால் கதவின் கைப்பிடியைப் பிடித்த பிறகே மறு கையால் இருக்கைப் பட்டையை அவிழ்க்கும் வரிசையைக் கை மறக்காத அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யலாம். காற்றடைக்கும் உயிர்காப்பு அங்கியை விமானத்துக்குள் ஒருபோதும் ஊதக் கூடாது; நீர் புகுந்த அறைக்குள் அது உங்களை மேலே அழுத்தி, வாசலை எட்டவிடாது.

மிதவைகள் பல நீர்புகா அறைகளால் ஆனவை. அமெரிக்கத் தரவிதிகள் விமானத்தின் எடையைத் தாங்கத் தேவையானதைவிட 80 சதவீதம் கூடுதல் மிதப்பைக் கோருகின்றன. ஆனாலும் கசிவு இருக்கும். ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் ஒவ்வோர் அறையையும் கைப்பம்பால் இறைப்பதும், எத்தனை முறை இறைத்தோம் என்று எண்ணுவதும் உங்கள் வேலைதான். விமானத்தைப் படகுத்துறையில் கட்ட இரண்டு மூன்று முடிச்சுகளையும் வீட்டிலேயே பழகிவிடுங்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 18-ஆம் விதியை மட்டுமாவது படியுங்கள்: நீரில் உள்ள விமானம் பொதுவாக எல்லாக் கலங்களிலிருந்தும் விலகியே இருக்க வேண்டும். உரிமத்துக்கான நிபந்தனை நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் குறைந்தது 7 மணி நேரப் பயிற்சி தேவை.

பயிற்சி விமானத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், சக்கரமற்ற வெறும் மிதவையில் தொடங்குவதையே பரிந்துரைப்பேன். நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய, சக்கரமும் உள்ள மிதவை விமானத்தில், சக்கரங்களை உள்ளிழுக்க மறந்து நீரைத் தொட்டால் விமானம் குப்புறக் கவிழக்கூடும். அந்தக் கூடுதல் கவலை முதல் வாரத்தில் வேண்டாம்.