சேலத்து இளைஞர்கள் மனித உரிமைப் பணியில் இறங்குவது எப்படி: ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

சேலத்துக்கு அடுத்த தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் பழங்குடி மக்களைத் தாக்கி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்யத் தொடங்கிய கொடுமைக்குத் தீர்ப்புக் கிடைக்க 19 ஆண்டுகள் ஆயின. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011-இல் நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்ட பெண்கள் பின்வாங்காமல் சாட்சி சொன்னதும், மலைவாழ் மக்கள் சங்கம் கடைசிவரை உடன் நின்றதுமே அந்த வழக்கைக் காப்பாற்றின. கல்லூரி மாணவர் ஒருவர் இன்று செய்யக்கூடிய பணியும் இதுதான்: நடந்ததைச் சரியாக எழுதிவைப்பது, எழுதியதைக் கைவிடாமல் பின்தொடர்வது.

நோட்டில் தேதி, நேரம், இடம் மூன்றையும் முதலில் எழுதுங்கள். நேரில் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனிப் பக்கங்களில் பதியுங்கள். இரண்டும் கலந்தால், நல்ல புகார்கூட விசாரணையில் வலுவிழந்துவிடும்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இந்தத் திறமைக்கு உடனடித் தேவை இருக்கிறது. சேர்வராயன் மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் (பெயரைக் கண்டு மயங்க வேண்டாம், அவர்கள் பேசுவது தமிழே) 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே குடியிருந்தோ பயிரிட்டோ வரும் வன நிலத்துக்கு உரிமை கோரலாம். தனியார் காப்பித் தோட்டங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. கோரிக்கையைக் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் தர வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் தேவை என்றாலும், பட்டாவோ ரசீதோ இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவற்றோடு, உரிமை கோராத வேறொரு முதியவர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தையும் விதிகள் சான்றாக ஏற்கின்றன. அந்த வாக்குமூலத்தை எழுதித்தர எழுத்தறிந்த இளைஞர் ஒருவர் போதும். பெரியவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், உங்கள் நடையில் திருத்தாதீர்கள். முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். இதில் அவசரம் காட்டுவதைவிட இன்னொரு முறை மலையேறிச் செல்வது மேல்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலோ விசைத்தறிக் கூடத்திலோ 14 வயது நிரம்பாத பிள்ளை வேலைக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கண்டாலும், குழந்தைத் திருமணம் நடக்கவிருப்பதாகத் தெரிந்தாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். பிள்ளையின் படத்தையும் பெயரையும் எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். நல்லெண்ணத்தோடு பகிரப்பட்ட ஒரு படம் அந்தப் பிள்ளையை வாழ்நாள் முழுவதும் துரத்தும்.

பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும். உதவி எண் 15100. காவலர் உள்ளிட்ட அரசு ஊழியர் இழைத்த உரிமை மீறலை மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணமின்றி எழுதலாம். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க இயலாது என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். எதை அனுப்புவதானாலும் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் முதலில் வேண்டும். விளைவைச் சுமக்கப்போகிறவர் அவரே.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்குப் பதில் வராவிட்டால், அதன் நகலை இணைத்து, 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, மனுமீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்னவென்று கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்கு 30 நாள், அது வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு அடுத்த 30 நாள், பின்னர் மாநிலத் தகவல் ஆணையத்தை அணுக 90 நாள் என்னும் கெடுக்களை, விண்ணப்பம் அனுப்பிய அன்றே நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.