ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் பார்வையாளராக உட்கார்வது எப்படி?

ஜாலான் டூத்தாவில் உள்ள கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்தில் வழக்கு பார்க்க யாரிடமும் முன்அனுமதி வாங்க வேண்டியதில்லை. குற்ற வழக்கு நடக்கும் இடம் பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு. சிறுவர் நீதிமன்றத்துக்குள் மட்டும் வெளியார் போக முடியாது (சிறுவர் சட்டம் 2001, பிரிவு 12). மூடிய அறையில் விசாரிக்க நீதிபதி உத்தரவிட்டாலும் வாதாடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

தொடக்கத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றமே நல்லது. கொலை வழக்கு பார்க்கும் ஆசையில் நேராக உயர்நீதிமன்றம் போனால் ஒத்திவைப்பை மட்டும் பார்த்துத் திரும்ப நேரிடும். மாஜிஸ்திரேட் முன் ஒரே காலையில் பல வழக்குகள் வரும், வக்கீல் இல்லாமல் நிற்பவர்களும் வருவார்கள். சின்ன நீதிமன்றம்தானே என்று நினைக்க வேண்டாம்: முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கலாம்.

காலை 8.30-க்குள் போய்விடுங்கள். பைகளைச் சோதிப்பார்கள், ஐசி (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும். சிலிப்பர், அரைக்கால் சட்டை, கையில்லாச் சட்டை கூடாது. அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும் வழக்குப் பட்டியலில் 'செபுத்தான்' என்றிருந்தால் அன்று தேதி குறிப்பதோடு முடிந்துவிடலாம். 'பிச்சாரா' என்றால் விசாரணை. உள்ளே போகும்போதும் வரும்போதும் நீதிபதி இருக்கையை நோக்கித் தலை வணங்குங்கள். முன்வரிசை மேசைகள் வக்கீல்களுக்கு, நீங்கள் பின்வரிசை. கைப்பேசியை அணைத்துவிட வேண்டும், அதனால் கைக்கடிகாரம் கட்டாயம். படம், ஒலிப்பதிவு எதுவும் வேண்டாம். நோட்டில் எழுதுவதைப் போலீஸ்காரர் கேள்வி கேட்டால், பொதுப் பார்வையாளர் என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். அப்படியும் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு, வெளியே வந்ததும் நினைவிலிருந்து எழுதுங்கள்.

பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மணி, நடந்தது, உங்கள் கருத்து. மூன்றாவது பத்தி காலியாகவே இருந்தாலும் குற்றமில்லை. 'நீதிபதி சிடுசிடுத்தார்' என்பது யாருக்கும் உதவாது. '9.52: பேசிக்கொண்டிருந்தவரை இரண்டு முறை இடைமறித்தார்' என்று எழுதினால் அது பதிவு.

தமிழ் தெரிந்த பார்வையாளர் மிகக் கூர்ந்து கேட்க வேண்டியது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அந்தச் சில நிமிடங்களை. குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்படும். தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். கூண்டில் நிற்பவர் ஒப்புக்கொண்டால், அதன் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிந்திருக்கிறதா என்று நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே பதிவு செய்ய வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 173). இங்கேதான் வழுக்கும். அதிகபட்சத் தண்டனை மலாயில் சொல்லப்பட்டு, தமிழில் விடுபட்டதா? அவர் வாய் திறந்து சொன்னாரா, தலையை மட்டும் ஆட்டினாரா? அந்தத் தலையாட்டல் புரிந்ததற்கா, ஒப்புக்கொண்டதற்கா என்று நீதிபதி மறுபடி கேட்டாரா? வக்கீல் வேண்டுமா என்ற கேள்வி வந்ததா? இரண்டு மொழியும் காதில் விழுகிற உங்களுக்கு மட்டுமே இது பிடிபடும். அடுத்து வழக்கின் விவரங்கள் வாசிக்கப்படும்போது அவர் ஏதாவது ஒன்றை மறுத்தால், நீதிபதி என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். நிபந்தனையில்லாமல் ஒப்புக்கொள்ளாதவர் விசாரணை கேட்டவராகவே கருதப்பட வேண்டும்.

இருவராகப் போவது மேல். ஒருவர் காதில் விழாதது மற்றவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் இருவரும் தனித்தனியே எழுதி முடித்த பிறகே ஒப்பிடுங்கள். முன்பே பேசிவிட்டால் இரண்டு தாளிலும் ஒரே பிழை இருக்கும்.

நடைபாதையில் காத்திருக்கும் சாட்சியிடம், தெரிந்தவராகவே இருந்தாலும், உள்ளே நடந்ததைச் சொல்லக் கூடாது. அந்த ஒரு பேச்சு வழக்கையே கெடுக்கலாம். வழக்கு முடியும்வரை 'இவன் குற்றவாளி' என்ற தொனியில் வாட்ஸ்அப்பில் கூட எழுதாதீர்கள். நீதிமன்ற அவமதிப்பாகிவிடும் ஆபத்து உண்டு.

ஒரு நாள் குறிப்பை வைத்து ஒரு நீதிபதியை எடைபோட முடியாது. அதே அறைக்குத் திரும்பத் திரும்பப் போய், அதே கேள்விகளை ஒவ்வொரு வழக்கிலும் நிரப்புங்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது புகாரல்ல, அது மேல்முறையீட்டுக்கான விஷயம். உயர்நீதிமன்ற நீதிபதியின் நடத்தையில் குறை என்றால், நீதிபதிகள் நெறிமுறைக் கோவை 2009-இன்கீழ் தலைமை நீதிபதிக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். வழக்கு எண், தேதி, மணி, சொன்ன சொற்கள் ஆகிய நான்கையும் அதில் குறிப்பிடுங்கள்.