மண்ணில் புதைந்திருந்த கசெட்டிலிருந்து பாட்டை மீட்பது எப்படி

பழைய கசெட் ஒன்று கையில் கிடைத்தால் உடனே போட்டுக் கேட்காதீர்கள். 2009இல் இலங்கைப் போரின்போது முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பை விட்டு வெளிக்கிடுமுன், மூன்று கசெட்டுகளைப் பால்மாப் பேணிக்குள் வைத்து வளவில் புதைத்தோம். மீள்குடியேறிய பின் தோண்டி எடுத்த அன்றே ஒன்றை ரேடியோவில் போட்டேன். அரை நிமிடத்தில் நாடா உருளையில் சுற்றி அறுந்தது. பூஞ்சணம் ஒட்டியிருந்த இடமெல்லாம் பூச்சு உரிந்துவிட்டது. அதில் என்ன பாட்டு இருந்ததென்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

மற்ற இரண்டிலும் இருந்தது மாமாவின் இசைக்குழு. கோயில் திருவிழாக்களில் ஓர்கன் வாசித்தவர் அவர். தொண்ணூறுகளில் வீட்டு முற்றத்தில் ஒத்திகை பார்க்கும்போது பதிவு செய்தது. வேறு பிரதி இல்லை.

இதற்கெல்லாம் இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்கு ஹைலு மெர்ஜியாவைப் பற்றிச் சொல்வேன். எத்தியோப்பியாவில் வாலியாஸ் என்ற இசைக்குழுவை நடத்தியவர். 1985இல் அக்கோர்டியனோடு மூக், யமஹா டி.எக்ஸ்.7 ஆகிய மின்னணுக் கருவிகளைச் சேர்த்துத் தனியாக ஒரு கசெட் வெளியிட்டார். பிறகு வாஷிங்டனில் டாக்சி ஓட்டினார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசிக்க, காரின் பின்பெட்டியில் ஒரு கீபோர்டு வைத்திருந்தார். எத்தியோப்பியாவின் பஹிர் தார் நகரில் ஒரு சேகரிப்பாளரின் கையில் அந்தக் கசெட் கிடைத்தது. 2013இல் அது மறுபடி வெளியானது. அவரும் மேடைக்குத் திரும்பினார்.

இனி வேலைக்கு வருவோம். கசெட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நிழலான, காற்றோட்டமுள்ள அறையில் ஒரு வாரமாவது உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் நாடா நெளிந்துவிடும். மார்கழி மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கூட்டின் உள்ளே துருவோ மண்ணோ இருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். ஐந்து திருகாணி போட்ட மலிவான கசெட் ஒன்றைத் திறந்து வெறுமையாக்குங்கள். பழைய கூடு ஒட்டியதாக இருந்தால் கத்தி நுனியால் பொருத்து வழியே மெல்லப் பிளக்கலாம். முகக்கவசம் அணியுங்கள், பூஞ்சணம் நெஞ்சுக்கு ஆகாது. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீற்றர்கூட இல்லை. விரல் எண்ணெய் படாமல் சுருளை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு புதிய கூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கிப்போகும். மூடிய பின் பென்சிலால் ஒரு தடவை முழுவதும் சுற்றி, இறுக்கம் தெரிந்தால் நிறுத்திப் பிரித்துப் பாருங்கள்.

கசெட் போடும் கருவியில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் தலையையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். தலைக்கு ஐசோபுரோபைல் அல்கஹோல், உருளைக்கு ஈரத்துணி போதும். முதலில் தேவையில்லாத கசெட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியை மயிரிழை திருப்பினால் மங்கிய ஒலி தெளியும்; தாளத்தின் சலங்கை துலக்கமாகக் கேட்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

கணினிக்கு வயர் வழியே நேராக எடுங்கள். கைபேசியை ஒலிபெருக்கி முன்னால் பிடிப்பது பதிவு ஆகாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரம் ஏறத்தாழ ஒரு ஜி.பி. வரும். அந்த மூலக் கோப்பில் கை வைக்காமல், பிரதியில் மட்டும் திருத்துங்கள்.

திருத்துவதில் பெரிய சிக்கல் சுருதி. போர்க்காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்ததால் பற்றரி கிடைக்கவில்லை. ஓர்கனுக்கு ஒரு பழைய கார் பற்றரி இருந்தது; ரெக்கோடருக்குச் சைக்கிள் டைனமோதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றியவன் நான். கை சோர்ந்தால் ரெக்கோடர் மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிக் கேட்கும். பாடகரின் குரலை வைத்து இதைத் திருத்த முடியாது. ஆனால் ஓர்கன் மின்னணுக் கருவி. நான் பெடலைச் சுற்றும் வேகத்துக்கு அதன் சுருதி மாறாது. நீண்டு ஒலிக்கும் ஓர்கன் சுரம் ஒன்றைத் தேடுங்கள். 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய சுரம் 449 காட்டினால், கணினியின் ஒலித் திருத்த நிரலில் வேகத்தை 2 சதவீதம் குறையுங்கள். சுருதியை மட்டும் மாற்றாமல் வேகத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரே பாட்டுக்குள் ஏறி இறங்கினால் துண்டு துண்டாகத்தான் செய்ய வேண்டும். ஒரு பாட்டுக்கு எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. எந்தக் கட்டையில் தொடங்கியது என்று மாமாவிடம் கேட்டேன். "தம்பி, அது என் விரலுக்குத்தான் தெரியும்" என்று மேசையில் வாசித்துக் காட்டினார்.

கடைசியாகப் பெயர்கள். மெர்ஜியாவின் பெயர் அவருடைய கசெட்டின் தலைப்பிலேயே இருந்தது. அதனால்தான் அவரைத் தேடிப் பிடிக்க முடிந்தது. எங்கள் உறையில் "வற்றாப்பளைப் பொங்கல் ஒத்திகை" என்று மட்டும் மாமாவின் கையெழுத்து. வாசித்தவர்கள், பாடியவர், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கோப்போடு எழுதி வையுங்கள். நான் நான்கு பெயர்களைச் சேர்த்துவிட்டேன். தபேலா வாசித்தவரை மாமாவுக்கு முகம்தான் நினைவிருக்கிறது. கேப்பாப்பிலவுப் பக்கம் என்கிறார். வரும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அம்மன் கோயிலடியில் அந்தப் பாட்டைப் போட்டு விசாரிக்கப் போகிறேன்.