எரர் வந்ததும் நிரலில் கைவைக்காதீர்கள்: டெஸ்க்டாப் செயலி எழுதத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ டிப்ளோமா படிக்கும் நம் பிள்ளைகளிடம் இறுதியாண்டு புராஜெக்ட் என்னவென்று கேட்டால், நான் கேட்ட வரையில் பாதிப் பேர் சொல்வது ஒரு கடைக்கான பில் போடும் செயலிதான். செந்தூலில் மாமாவின் மளிகைக் கடை, பிறையில் சித்தப்பாவின் உதிரிபாகக் கடை, பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்தவரின் பூக்கடை என்று ஏதோ ஒன்று. சி ஷார்ப் என்ற நிரல்மொழி, ஃபார்ம் எனப்படும் திரைகளை அமைக்க விண்டோஸ் ஃபார்ம்ஸ், எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் வைக்கும் ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளம், இவ்வளவு போதும். நல்ல தேர்வு, ஏனென்றால் கடைசியில் அதை நிஜமாகவே ஒருவர் கவுன்டரில் உட்கார்ந்து பயன்படுத்துவார். ஆனால் சிக்கல் வந்துவிட்டால் மட்டும் எல்லாரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். எரர் செய்தியைப் படிக்காமல் மூடிவிடுவது, நிரலில் எங்கேயோ ஓர் இடத்தில் கைவைப்பது, திரும்ப ஓட்டிப் பார்ப்பது, சரிவராவிட்டால் இன்னோர் இடத்தில் கைவைப்பது. கொஞ்ச நேரத்தில் முதலில் இருந்த தவறு எது, நாமே புதிதாகச் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போய்விடும்.

மாற்றுவதற்கு முன் பாருங்கள். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை, பார்க்காமல் மாற்றப்போய் நாள் கணக்கில் இழுத்தடிப்பவைதான்.

முதலில் எரர் செய்தி. "ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட் டு ஆன் இன்ஸ்டன்ஸ் ஆஃப் ஆன் ஆப்ஜெக்ட்" என்று வந்தால், அந்த வரியில் புள்ளி வைத்து நீங்கள் எதையோ கூப்பிடுகிறீர்கள், புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது நல், அதாவது அங்கே ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டூடியோ அந்த வரியிலேயே நின்று அதை நிறம் போட்டும் காட்டும். மவுசை ஒவ்வொரு மாறியின் மேலும் கொண்டுபோய்ப் பாருங்கள், எது நல் என்று தெரிந்துவிடும். அப்புறம் அது ஏன் காலியாக இருக்கிறது என்று பின்னோக்கித் தேட வேண்டும். எதை எது கூப்பிட்டது என்று வரிசையாகக் காட்டும் நீளமான ஸ்டாக் டிரேஸ் வந்தால் பயப்பட வேண்டாம். மேலிருந்து கீழே வாருங்கள், உங்கள் சொந்தக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் முதலில் எங்கே வருகிறதோ அங்கேதான் தொடங்க வேண்டும். எஃப்9 அழுத்தி அதற்குச் சற்று மேலே ஒரு பிரேக் பாயின்ட், அதாவது ஓட்டம் நிற்கும் இடம், வையுங்கள், எஃப்5 அழுத்தி ஓட்டுங்கள், எஃப்10 அழுத்தி ஒவ்வொரு வரியாக நகருங்கள். இந்த மூன்று பொத்தான்களையும் முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டவர்கள் வேகமாக வளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

பில்ட் செய்யும்போது, அதாவது நிரலை ஓடக்கூடிய செயலியாக மாற்றும்போது, முப்பது எரர் வந்தாலும் முதல் எரரை மட்டும் சரிசெய்து மறுபடி பில்ட் செய்யுங்கள். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தப்பாகத்தான் தெரியும்.

"நிரலை மாற்றினேன், ஆனால் திரையில் ஒன்றும் மாறவில்லை" என்று வருபவர்கள் நிறையப் பேர். இதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. பில்ட் தோற்றால் விஷுவல் ஸ்டூடியோ ஒரு கேள்வி கேட்கும், கடைசியாக வெற்றிகரமாக பில்ட் ஆனதையே ஓட்டட்டுமா என்று. அவசரத்தில் 'யெஸ்' அழுத்தி, இனிமேல் கேட்காதே என்ற கட்டத்திலும் டிக் போட்டுவிட்டால், அன்றிலிருந்து பில்ட் தோற்கும் ஒவ்வொரு முறையும் உங்களுக்குக் கிடைப்பது பழைய செயலிதான். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், புராஜெக்ட்ஸ் அண்ட் சொல்யூஷன்ஸ் என்று போய், எரர் இருந்தால் ஓட்டாதே என்று மாற்றிவிடுங்கள். பில்ட் தோற்பதற்கே இன்னொரு காரணம், "கோப்பை வேறொரு புராசஸ் பயன்படுத்துகிறது" என்ற செய்தி. அந்த வேறொரு புராசஸ் பெரும்பாலும் உங்கள் செயலியேதான். லாகின் ஃபார்மை முதலில் திறந்து, கடவுச்சொல் சரியென்றதும் அதை ஹைட் செய்துவிட்டு மெயின் ஃபார்மைக் காட்டுகிறீர்கள். மெயின் ஃபார்மை மூடினாலும் மறைந்திருக்கும் லாகின் ஃபார்ம் உயிரோடுதான் இருக்கிறது, அதனால் செயலி முடியவில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் நான்கைந்து வரிசையாகக் கிடக்கும். லாகினை, அது மூடும் வரை காத்திருக்கும் ஷோடயலாக் மூலம் காட்டி, அது சரியென்றால் மட்டும் செயலியை ஓட்டும் அப்ளிகேஷன் ரன்னுக்கு மெயின் ஃபார்மைக் கொடுங்கள், இந்தத் தொல்லை இருக்காது.

அடுத்தது பிள்ளைகளை மிகவும் நோகடிக்கும் ஒன்று. இன்று இருபது பொருள்களைப் பதிவு செய்கிறார்கள், கிரிட் என்ற திரை அட்டவணையில் அழகாகத் தெரிகிறது, மறுநாள் நிரலில் ஏதோ திருத்திவிட்டு ஓட்டினால் எல்லாம் காணோம். பதிவைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளையைப் பத்து விதமாக மாற்றிப் பார்ப்பார்கள், அதில் எந்தத் தவறும் இருக்காது. தரவுத்தளக் கோப்பை புராஜெக்டுக்குள் சேர்த்திருப்பார்கள், அதன் பிராப்பர்ட்டியில் 'காப்பி டு அவுட்புட் டைரக்டரி' என்ற இடத்தில் 'காப்பி ஆல்வேஸ்' என்று இருக்கும். செயலி எழுதுவது, பில்ட் ஆனவை போய்ச் சேரும் 'பின்' (bin) ஃபோல்டருக்குள் இருக்கும் பிரதியில். புதிதாக பில்ட் ஆகும்போது புராஜெக்டில் இருக்கும் காலிக் கோப்பு வந்து அந்தப் பிரதியின் மேல் உட்கார்ந்துவிடும். 'காப்பி இஃப் நியூவர்' என்று மாற்றினால் தற்காலிகமாகத் தப்பிக்கலாம். சரியான வழி, தரவுத்தளத்தை, செயலிகளின் தரவுக்காக விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் தரும் ஆப்டேட்டா ஃபோல்டரில் வைப்பது, கோப்பு இல்லையென்றால் செயலியே முதல் தடவை அட்டவணைகளை உருவாக்கிக்கொள்வது. இதை இப்போதே செய்தால் கடைக்குக் கொண்டுபோகும் நாளிலும் உதவும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபார்ம் இரண்டிலிருந்து ஃபார்ம் ஒன்றின் லேபலை, அதாவது திரையில் காட்டும் எழுத்தை, மாற்ற வேண்டுமென்று 'நியூ' போட்டு ஃபார்ம் ஒன்றைப் போலவே இன்னொன்றை உருவாக்கி, அதன் லேபலை மாற்றுவது இன்னொரு பழைய கதை. எரர் வராது, திரையிலும் ஒன்றும் நடக்காது. நீங்கள் மாற்றியது யாரும் பார்க்காத இரண்டாவது ஃபார்மின் லேபலை. திரையில் இருக்கும் ஃபார்மையே, ஃபார்ம் இரண்டை உருவாக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்தனுப்புங்கள், அல்லது ஷோடயலாக் முடிந்து திரும்பியதும் மதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

எரரைப் பிடித்துவிட்டு ஒன்றுமே செய்யாத காலி கேட்ச் பிளாக்கைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன்: வேண்டாம். எரர் தெரியாமல் போனால் எரர் இல்லையென்று ஆகாது. பில் சேமிக்கப்படவில்லை என்று கடைக்காரருக்குத் தெரியாமலே அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். குறைந்தபட்சம் செய்தியையும் ஸ்டாக் டிரேஸையும் நேரத்தோடு ஒரு லாக் கோப்பில் எழுதுங்கள், திரையில் "சேமிக்க முடியவில்லை" என்றாவது காட்டுங்கள்.

இனி நம் நாட்டுத் தரவு. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பல, இங்கே இருக்கும் பெயரையும் எண்ணையும் பணத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவையல்ல. அதனால் பாடத்தில் ஓடியது நம் கடையில் விழும்.

அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 இலக்கம். அதை முழு எண்ணுக்கான இன்ட் வகையில் போட்டால் உடனே விழும், ஏனென்றால் இன்ட் தாங்கக்கூடியது 2,147,483,647 வரைதான். சரி என்று இன்னும் பெரிய எண்ணைத் தாங்கும் லாங் ஆக்கினால் ஓடும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். அப்புறம் 2003இல் பிறந்த ஒருவர் வருவார், அவருடைய எண் 03 என்று தொடங்கும், சேமித்துத் திரும்ப எடுத்தால் முன்னால் இருந்த சுழியம் போய் 11 இலக்கமாக நிற்கும். அஞ்சல் குறியீடும் அப்படித்தான். கோலாலம்பூர் 5இல் தொடங்குகிறது, ஜார்ஜ்டவுன் 1இல் தொடங்குகிறது, ஆகவே இந்த இரண்டு ஊரில் உட்கார்ந்து சோதிக்கும் வரை ஒன்றும் தெரியாது. அலோர்ஸ்டாரிலிருந்து 05000 என்று ஒரு வாடிக்கையாளர் வந்தால்தான் குட்டு வெளிப்படும். கைப்பேசி எண்ணும் சுழியத்தில்தான் தொடங்குகிறது. கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணல்ல, எழுத்துச் சரம். ஸ்டிரிங் ஆகவே வையுங்கள்.

பெயரில் வரும் சிக்கல் நமக்கே உரியது. வாடிக்கையாளர் பெயரையே கோப்புப் பெயராக வைத்து இன்வாய்ஸை பிடிஎஃப் ஆகச் சேமிப்பது பலர் செய்வது. சீனர் பெயரில் ஓடும், மலாய்க்காரர் பெயரில் ஓடும், நம்மவர் பெயரில் இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' வந்ததும் "பாதையின் ஒரு பகுதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எரர் வரும். நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோட்டை விண்டோஸ் ஃபோல்டர் பிரிப்பானாக எடுத்துக்கொள்கிறது, அப்படி ஒரு ஃபோல்டர் எங்கே இருக்கும்? ஃபோல்டர் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தேடுவதில் பயனில்லை. கோப்புக்கு இன்வாய்ஸ் எண்ணைப் பெயராக வையுங்கள், பெயர் கோப்புக்குள்ளே இருந்தால் போதும். அதே மாதிரி, டி'குருஸ் போல நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும் பெயர்கள், தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் எஸ்க்யூஎல் கட்டளையைக் கூட்டல் குறியால் ஒட்டி எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே அதை உடைத்துவிடும். பெயர் உடைக்கிறது என்றால் கெட்ட எண்ணத்தோடு வருபவராலும் உடைக்க முடியும். மதிப்பைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் பாராமீட்டர் பயன்படுத்துங்கள், இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

தேதியில் இருக்கும் ஆபத்து சத்தமில்லாதது. 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. விண்டோஸை நிறுவும்போது வட்டாரத்தை அமெரிக்கா என்றே விட்டிருந்தால் அந்தக் கணினிக்கு அது மார்ச் 4. மாதத்தின் முதல் 12 நாள்கள் வரை எரரே வராது, தேதிகள் மட்டும் தலைகீழாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். 13ஆம் தேதிதான் செயலி விழும், ஏனென்றால் 13ஆவது மாதம் கிடையாது. அதற்குள் பதிவாகிவிட்ட பில்களை என்ன செய்வது? எழுத்தைத் தேதியாக மாற்ற பார்ஸ்எக்ஸாக்ட் பயன்படுத்தி வடிவத்தை நீங்களே சொல்லுங்கள், தரவுத்தளத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள். இன்னும் நல்லது, தட்டச்சு செய்யவே விடாமல், நாள்காட்டியில் தேர்ந்தெடுக்க டேட்டைம்பிக்கர் வைப்பது.

பணம். தசம எண்ணைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் டபுள் வகையில் வைக்காதீர்கள். 10 காசை, அதாவது 0.1ஐ, டபுளில் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999 என்று நீளும். டெசிமல் வகை இதற்காகவே இருக்கிறது. அதோடு முடியவில்லை. எண்ணை முழுமையாக்கும் மேத் ரவுண்ட், சரிபாதி நடுவில் நிற்கும் எண்ணை இரட்டைப்படையின் பக்கம் தள்ளும். 1 வெள்ளி 75 காசுக்கு 6 சதவீத வரி 10.5 காசு, நாம் 11 என்போம், அது 10 என்று கொடுக்கும். மிட்பாயின்ட்ரவுண்டிங் என்ற இடத்தில் அவேஃப்ரம்ஸீரோ என்று சொன்னால்தான் 11 வரும். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யப்படுகிறது, அதை மொத்தத்தில் மட்டும் செய்ய வேண்டும், ஒவ்வொரு பொருளின் விலையிலும் செய்தால் கணக்கு உதைக்கும்.

வரி விகிதத்தை நிரலுக்குள் 0.06 என்று ஏழெட்டு இடத்தில் எழுதி வைப்பதும் தவறு. இந்த நாட்டில் பொருள் சேவை வரி 2015 ஏப்ரலில் 6 சதவீதமாக வந்தது, 2018 ஜூனில் சுழியமானது, அதே செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பியது, 2024 மார்ச்சில் சேவை வரி 8 சதவீதமாகி, உணவும் பானமும் உள்ளிட்ட சில சேவைகளுக்கு மட்டும் 6 என்றே நின்றது. விகிதத்தையும் அது தொடங்கும் தேதியையும் ஓர் அட்டவணையில் வையுங்கள், பழைய பில்லைத் திறந்தால் பழைய விகிதமே வர வேண்டும்.

தமிழில் பொருள் பெயர் போடுகிறீர்கள் என்றால், போடுங்கள், அவசியம் போடுங்கள். 'மிளகாய்த்தூள்' என்பதில் நமக்கு 7 எழுத்து, சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில் நீளத்தைக் கேட்டால் லெங்த் 13 என்று சொல்லும், ஏனென்றால் உயிர்க்குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே இடைவெளி சேர்த்து நீளத்தை நிரப்பும் பேட்ரைட் வைத்துப் பத்திகளை நேராக்க முடியாது, சப்ஸ்டிரிங் வைத்து வெட்டினால் புள்ளி மட்டும் அறுந்துபோகும். கடை ரசீது பிரின்டருக்கு எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகள் வரலாம், பக்கத்தைப் படமாக வரைய உதவும் பிரின்ட்டாக்குமென்ட் வழியாக நிர்மலா யூஐ எழுத்துருவில் வரைந்து அனுப்புங்கள்.

திரை உறைந்து 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வருவதற்கு, பட்டன் கிளிக்குக்குள்ளேயே நீண்ட வேலையைச் செய்வதுதான் காரணம். திரையை வரைவதும் அந்த வேலையைச் செய்வதும் ஒரே திரெட், அதாவது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யும் ஒரே வேலைத்தொடர். வேலையின் நடுவே காத்திருக்கும் கிளிக்குகளைக் கவனிக்க விடும் டூ ஈவன்ட்ஸ் போட்டு ஒப்பேற்றாதீர்கள், பயனர் அதே பட்டனை மறுபடி அழுத்த வழி திறந்துவிடும். திரையை உறைய விடாமல் வேலை முடியக் காத்திருக்க உதவும் ஏசிங்க், அவெயிட் 2012இலேயே சி ஷார்ப்பில் வந்துவிட்டன. வேறு திரெட்டிலிருந்து லேபலைத் தொட்டு கிராஸ் திரெட் எரர் வாங்குவதைவிட, அவெயிட் முடிந்த அடுத்த வரியில் தொடுங்கள்.

கடைசியாக, கடையின் கணினி. உங்கள் மடிக்கணினியில் ஓடியது அங்கே ஓடாததற்கு முதல் காரணம், உங்கள் பெயருள்ள யூசர்ஸ் ஃபோல்டரின் முழுப் பாதையை நிரலுக்குள் எழுதியிருப்பது. அடுத்தது, புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தரவுத்தளத்தை வைத்து எழுத முயல்வது. சாதாரணப் பயனர் கணக்குக்கு அங்கே எழுத அனுமதியில்லை, அட்மினாக ஓட்டிப் பழகிய உங்களுக்கு அது தெரிந்திருக்காது. ஆப்டேட்டாவில் வைக்கச் சொன்னது இதற்கும்தான். டாட்நெட் 8 போன்ற புதியவை விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை, ஆகவே கடைக்குக் கொடுக்கும் பிரதியை பப்ளிஷ் செய்யும்போது, டாட்நெட்டையும் சேர்த்துக் கட்டும் செல்ஃப் கன்டெய்ன்ட் தேர்ந்தெடுங்கள், கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. கொண்டுபோவதற்கு முந்தைய நாள் விஷுவல் ஸ்டூடியோ இல்லாத ஒரு கணினியில், அட்மின் அல்லாத கணக்கில், திரை அளவை 125 சதவீதத்தில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பட்டன்கள் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அன்றிரவே சரிசெய்துவிடலாம்.