அடைமழைக் காலத்தில் மாதிரி கார், விமானங்களுக்கு வண்ணம் பூசுகிறவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகையில் தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் லாக்கர் வண்ணம் அடித்தால், பளபளக்க வேண்டிய பந்தயக் கார் சாம்பல் பூத்ததுபோல வெளுத்துவிடுகிறது. குற்றம் வண்ணத்தின் மேல் இல்லை. வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அங்கே படிந்து, காயும் படலத்தில் சிக்கிக்கொள்கிறது.

உடனே உப்புத்தாளைத் தேடாதீர்கள். மழை வெறித்த ஒரு நாள் பிற்பகலில், அந்த வண்ணத்துக்கே உரிய தின்னரில் சிறிது ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்து, காற்றால் வண்ணம் தூவும் ஏர்பிரஷ்ஷில் மிக மெல்லிய தூவலாக அடியுங்கள். மேற்படலம் இளகி ஈரம் வெளியேறும். பெரும்பாலும் பளபளப்பு திரும்பிவிடும். ரிடார்டர் கூடிப்போனால் வண்ணம் காயாமல் பிசுபிசுக்கும், கவனம். விலை மலிவு என்று மரச்சாமான் தின்னரை ஊற்றினால் பிளாஸ்டிக்கையே அரித்துவிடும்.

விமானங்களின் மேட் (பளபளப்பில்லாத) பூச்சு இன்னும் தந்திரமானது. இளஞ்சாம்பல் நிறத்தில் வெளுப்பு சட்டெனத் தெரியாது, கரும்பச்சையில் காட்டிக்கொடுத்துவிடும். 1:72 அளவு (அசலில் 72-இல் ஒரு பங்கு) விமானம் என்றால் கையகல இடம்தானே என்று அவசரப்படவே கூடாது. ஈரப்பதமானி 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் லாக்கர் புட்டியைத் திறப்பதில்லை. அவசரமென்றால் நீரில் கரையும் அக்ரிலிக் போதும். அதில் இந்தத் தொல்லை இல்லை, காயத்தான் நேரமாகும்.

ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் வேலைக்கு முன் தொட்டியின் அடிவால்வைத் திறந்து தேங்கிய நீரை வடித்துவிடுங்கள்.